சுவர்ப்பக்கம் திரும்பிய முகம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, காரைக்காலில் நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது.

சனிக்கிழமை மதியம் எங்களுக்கு நாடக வகுப்பு. ஆமாம், டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குத்தான்! கதை, கவிதை, நாடகம் வழியாக நோயாளியைப் புரிந்துகொள்ள வேண்டுமாம். பரீட்சைக்கு வராத பாடம் என்பதால் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். எனக்கோ கொள்ளைப் பிரியம். எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வருஷா வருஷம் ஆட்டுக்குட்டி வேஷம் போட்டு அலுத்துப்போனவள் நான். இங்கேதான் மனுஷ வேஷம் கிடைத்தது.

அந்த வாரம் அறுவை சிகிச்சை வார்டில் எங்கள் குழுவுக்கு ஒரு தலைவலி. கோட்டுச்சேரிப் பக்கத்து விவசாயி ஒருவர். சர்க்கரை நோயால் கால் விரலில் புண். அந்த ஒரு விரலை எடுத்துவிட்டால் பாதம் பிழைக்கும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும். ஆனால் யார் போய்ப் பேச ஆரம்பித்தாலும் மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். அதற்கு மேல் என்ன பேசுவது? பாதியிலேயே திரும்பிவிடுவோம். சரியான பிடிவாதக்காரர் என்று பெயரும் வைத்தாயிற்று. ரவுண்ட்ஸ் நேரத்தில் உறவினர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், அவர் மனைவி அப்போதெல்லாம் வராந்தாவில்தான் இருப்பார். திங்கட்கிழமைக்குள் சம்மதம் வாங்கியாக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நாடக ஆசிரியை, உங்களைக் கடுப்பேற்றிய ஒரு நோயாளியாக நடித்துக் காட்டுங்கள் என்றார். வசனம் கூடாது, அவருடைய உடம்பு மட்டும் அப்படியே வரவேண்டும். சந்தேகமே இல்லாமல் நான் பெஞ்சில் ஏறிப் படுத்துவிட்டேன். டாக்டராக என் தோழி. எப்போதும் நோயாளியின் வலப்பக்கம் நின்றுதான் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே ஊறிப்போன பழக்கம். அவளும் அப்படியே நின்று பேச ஆரம்பித்தாள். நான் வெடுக்கென்று இடப்பக்கம் முகத்தைத் திருப்பினேன். வகுப்பே சிரித்தது.

ஆசிரியை சிரிக்கவில்லை. அந்த நோயாளியின் மோவாய் எப்படி இருந்தது, நெற்றி எப்படி இருந்தது என்று கேட்டார். யோசித்து, மோவாயைக் கொஞ்சம் தூக்கினேன். நெற்றியைச் சுருக்கினேன். கண்ணை மூடினேன். அவ்வளவுதான், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வலது காது தோழியின் வாய்க்கு நேராகப் போய் நின்றது! அவளைப் பார்த்தபடி படுத்திருந்தால் அந்தக் காது தலையணையில் புதைந்திருக்கும். ஒருவேளை அந்த மனிதருக்கு அந்த ஒரு காதுதான் கேட்குமோ? எங்கள் பேச்சைக் கேட்கத்தான் திரும்புகிறாரோ?

செருப்பைக்கூட மாட்டாமல் வார்டுக்கு ஓடினேன். கட்டிலின் வலப்பக்கம் நின்று ஆரம்பித்தேன். வழக்கம்போல முகம் சுவர்ப்பக்கம் போனது. இந்தத் தடவை நான் நிறுத்தவில்லை. குனிந்து, காதருகே, விரல், பாதம், ஆபரேஷன் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி முடித்தேன்.

கண்ணைத் திறந்து கேட்டார்: “வெரல எடுத்துட்டா வரப்புல நடக்கலாமாம்மா?”

புண் ஆறியதும் நடக்கலாம், பார்த்து நடக்க வேண்டும் என்றேன்.

“அப்ப எடுத்துடுங்க. வந்தவங்க எல்லாரும் பாதியிலயே போயிட்டாங்க. நீங்கதான் முழுசா சொல்லியிருக்கீங்க.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் காதைப் பற்றிக் கேட்டேன். இடது காது சின்ன வயதிலிருந்தே கேட்காதாம். “அது ஊருக்கே தெரியுமேம்மா. டாக்டருங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேன்” என்றார்.

விரலோடு போயிற்று, பாதம் தப்பியது. அவர் மெல்ல ஊன்றி நடந்து ஆட்டோ ஏறிய அன்று வகுப்பே வாசலில் நின்றது, தூங்குமூஞ்சிகள் உட்பட.

இன்று டாக்டராக எந்தக் கட்டிலருகே நின்றாலும் ஆரம்பித்த பேச்சை முழுதாக முடித்துவிட்டுத்தான் நகர்கிறேன். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் நோயாளி கேட்டுக்கொண்டுதான் இருப்பார் என்ற நம்பிக்கையை அந்த மனிதர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.