ஒரு விரல் பின்னால் வைத்த பொத்தான்

அருளப்பன் அண்ணன் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னபோது, அவருடைய ஆட்டச் சட்டை என் தையல் மிஷினில் இருந்தது. கழுத்துப்பட்டியில் பாதி தைத்திருந்தேன். மீதியையும் தைத்து முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நீங்கள் அவரைப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளின் ஹாக்கி கேப்டனாக அறிவீர்கள். எனக்கு அவர் கிழிந்த சட்டைகளைக் கொண்டுவருபவர். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஆட்டங்களை வேலிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அதை அவர் கவனித்திருக்கிறார்.

ஒருநாள் தோற்றுவிட்டு வந்தவர், என் பொத்தான் டப்பாவைத் திறந்து ஐந்து பொத்தான்களைப் பாயில் வரிசையாக வைத்தார்.

“இது நம்ம முன்வரிசை. நடுவுல வெள்ளை, உங்க அண்ணன் சூசை. எங்க தப்பு, தங்கச்சி?”

ஐவரும் ஒரே கோடாக ஓடுவார்கள். எதிரியின் மட்டையில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்க அங்கே ஆள் இருக்காது. அதை முதலில் எட்டக்கூடிய கால் என் அண்ணனுடையது. இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளைப் பொத்தானை அதன் இடப்பக்கத்துப் பொத்தானோடு இடம் மாற்றி, ஒரு விரல் பின்னால் வைத்தேன். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

“அண்ணன் திட்டும்,” என்றேன்.

“நீ பாத்ததச் சொல்லு. திட்டு வாங்குறது என் வேலை.”

கிள்ளானில் நடந்த அடுத்த ஆட்டத்திலும் தோற்றோம். “என்ன கேப்டன், கோல் போடறவன பின்னாடி கட்டி வெச்சிட்டியா?” என்று நம் ஆட்களே கத்தினார்களாம். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி, “இனிமே அவங்கூட பேச்சில்ல,” என்றார். நான் குழம்பு ஊற்றினேன்.

அதற்கடுத்த ஆட்டத்திலும் கேப்டன் வரிசையை மாற்றவில்லை. திரும்பிவந்த பந்தை அண்ணன் இரண்டு தடவை கோலுக்குள் அடித்தார். கட்டிப்பிடிக்க ஓடிவந்த கேப்டனுக்கு முதுகைக் காட்டி நடந்தார். அந்த வாரமே கேப்டனுக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா எவ்வளவு சொல்லியும் அண்ணன் பார்க்கப் போகவில்லை.

சவப்பெட்டிக்கு முதல் தோள் கொடுத்தவர் அண்ணன்தான். அன்றிலிருந்து மட்டையைத் தொடவில்லை. நேற்று என்னிடம், “ஏன் மாத்துனேன்னு நான் அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றார். பொத்தானை மாற்றி வைத்தது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை.

அந்த ஐந்து பொத்தான்களை எந்தச் சட்டையிலும் தைக்காமல் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதிய இந்தத் தாளை முதலில் அண்ணன் கையில் கொடுப்பேன். அவர் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பார்த்ததைச் சொல்லிவிட்டேன், கேப்டன். திட்டு வாங்குவதும் இனி என் வேலை.