குகன் அண்ணை ஒட்டிய ஆறுகள்

வரைபடம் செய்யும் அலுவலகத்தில் பிழை பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். லண்டனில் இருந்துகொண்டு, கண்ணால் காணாத மலைகளிலும் குறை கண்டுபிடிப்பேன்.

ஒருமுறை அமெரிக்காவின் தேசியக் காடு ஒன்றுக்கு நடைப்பயண மேப் செய்தோம். காடு என்பது பெயருக்குத்தான். உயரத்தில் ஒரு பாலைநிலம். எரிமலைக் கல்லும் குட்டை மரங்களும். அன்று மாலை அச்சுக்குப் போகவேண்டும். அச்சுக்குமுன் சரிபார்க்கும் கடைசிப் புரூஃபை விரித்தால், கிழக்குச் சரிவு முழுக்க நீல ஆறுகள் ஜோராக ஓடுகின்றன!

கோடு போட்டவர் குகன் அண்ணை. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் வைத்திருந்த கடையை மூடிவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் இந்த வேலைக்கு வந்தவர். அவருடைய புரொபேஷன் முடிந்து, வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரிவதும் அன்றைக்குத்தான். புரூஃபோடு அவர் மேசைக்கு ஓடினேன்.

"கோடெல்லாம் விட்டு விட்டுக் கிடந்தது, தங்கச்சி. வடிவா ஒட்டிப்போட்டன்" என்றார் பெருமையாக.

"அண்ணை, அது உடைஞ்ச கோடில்லை. பனி உருகேக்க மட்டும்தான் அதிலை தண்ணி ஓடும். மற்ற நேரம் வெறும் மணல். அதைக் காட்டத்தான் கோட்டை விட்டு விட்டுப் போடுறது."

"ஐயோ! அப்ப நான் பாலைவனத்துக்குத் தண்ணி விட்டிட்டனோ?"

"ஓம். இதை நம்பி வெறும் போத்தலோட ஆரும் போனா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டையும் மறந்து ஒவ்வோர் ஓடையாக வெட்டி, மறுபடி விட்டு விட்ட கோடாக்கினோம். கடைசியில் முழுக் கோடாக மிஞ்சியது ஊற்றிலிருந்து வரும் ஒரேயொரு சிற்றாறுதான்.

புதுப் புரூஃப் எடுத்த நேரம் மேலாளர் தேவி மேடம் வந்தார். மலேசியாக்காரர். மேசையில் பழையதும் கிடந்தது.

"என்னா இது, இவ்ளோ ஆறு? யாரு வேலை?"

சொஃப்ட்வெயர் மேல் பழியைப் போட நான் வாயெடுத்தேன். அதற்குள் அண்ணை எழுந்துவிட்டார்.

"நான்தான் மேடம், ஒட்டினது. இப்ப வெட்டியாச்சு."

மேடம் இரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒட்டும்போதும் ஒண்ணு விடல, வெட்டும்போதும் ஒண்ணு விடல. இனிமே கேட்டுட்டு ஒட்டுங்க லா. வேலை உங்களுக்குத்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அலங்கோலமாகத் தெரிவதை ஒழுங்குபடுத்தப் புறப்படுமுன், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்து அண்ணைக்கு, வருடம் முழுக்க மழை பெய்து ஆறு வற்றாத ஸ்கொட்லாந்தின் மேப் கொடுத்தார்கள். முதல் நாளே என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்ச ஒரு கோடும் உடையேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருக்கா வந்து பார்."