ஒன்பது நாள் பிந்தி வந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா சிங்கப்பூரில் பிறந்தார். எங்கள் பெற்றோர் சிங்கப்பூரில் வாழ்ந்தது மொத்தம் பதினான்கு மாதங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராகச் சேர்ந்த அப்பாவைச் சிரம்பானிலிருந்து அங்கே மாற்றினார்கள். அக்கா பிறந்து ஆறாம் மாதம் மறுபடியும் சிரம்பானுக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து நான் சிரம்பானில் பிறந்தேன். நாங்கள் இரண்டே பிள்ளைகள். ஒரே வீட்டில் வளர்ந்தோம்.

அக்காவின் பொறுமையையும் கைராசியையும் பற்றி இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதினான்கு மாதங்கள் அவருடைய வாழ்க்கையில் எவ்வளவு தூரம் கூடவே வந்தன என்பதை நான் எழுதுகிறேன். அதில் எனக்கு விளங்காத பகுதிகள் இன்னும் இருக்கின்றன.

அக்கா சிங்கப்பூரில் தாதியாகப் பயின்று, அங்கேயே வேலை செய்து, சிங்கப்பூர்க்காரரான அத்தானைத் திருமணம் செய்தார். அத்தான் ஆசிரியர். பின்னர் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. ஏறக்குறைய இருபத்துமூன்று மாதம் எல்லாம் ஒரே நாடாக இருந்தது. அது பிரிந்த அன்று அக்கா லீவில் சிரம்பான் வீட்டில் நின்றார். நான் அப்போது லண்டனில் மாணவன்; அன்று நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் அறிவேன். வானொலியில் செய்தி முடிந்ததும் அம்மா கேட்டாராம்:

"அப்ப நீ நாளைக்கு வேலைக்குப் போகலாமோ?"

"வேலைக்குப் போகலாம் அம்மா. திரும்பி வாறதுதான் யோசினை."

சிங்கப்பூரில் பிறந்தவர் என்பதால் அக்கா அந்த நாட்டுப் பிரசை ஆனார். மலேசியப் பிரசை என்ற நிலை அன்றோடு போயிற்று. தன் தாய் இருக்கும் வீட்டுக்கு அவர் இனி விருந்தாளி. எழுபத்திரண்டில் அத்தான் காலமானதும், எட்டு வயது மகளோடு, அப்பாவுக்குப் பிறகு சிரம்பானில் தனியே இருந்த அம்மாவுடன் போய் இருக்க நிரந்தர வதிவிட அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். பத்தொன்பது மாதம் காத்திருந்தார். இரண்டு வரியில் மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் எழுதப்படவில்லை.

அதன் பிறகுதான் லண்டனுக்கு வந்தார். வட லண்டனில் ஒரு வைத்தியசாலையில் வேலை, வெம்பிளியில் வீடு. நான்கு வருடம் முடிய, காலவரையறையின்றி இங்கே இருக்கலாம் என்று கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார்கள். நான் அதற்கு முன்பே பிரித்தானியப் பிரசை ஆகியிருந்தேன். அக்காவையும் ஆக்கிவிட வேண்டும் என்று மூன்று தடவை விண்ணப்பப் படிவம் கொண்டுபோனேன். மூன்றும் அக்காவின் மேசை லாச்சிக்குள் போயின.

"இதை எடுத்தால் சிங்கப்பூரை விடவேணும். அப்பா பதினாலு மாதம் இருந்து எடுத்துத் தந்தது, அதை ஏன் விடுவான்?" என்றார் ஒரு தடவை.

"அக்கா, பகிடி விடாதேங்கோ. முத்திரை நாளைக்கு மாறலாம். சட்டம் மாறலாம்."

"தம்பி, ஒரு நாட்டிட்டைக் கேட்டுப் பாத்தனான். போதும். தந்ததோடை இருப்பம்."

எண்பத்தொன்பதில் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பன்னிரண்டாம் நாள் சிரம்பானிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்கவில்லை. அக்கா அந்த வாரமே புறப்பட்டார். விமான நிலையத்தில் வைத்து நான் அவருடைய முத்திரையைப் பற்றி விசாரித்து அறிந்ததைச் சொன்னேன். இரண்டு வருடத்துக்குள் திரும்பி வந்தால் வதிவிட உரிமை அப்படியே இருக்கும். அதைத் தாண்டினால் வாசலில் நிற்கும் அதிகாரி விரும்பினால்தான் உள்ளே விடுவார். எழுநூற்று முப்பது நாள்.

நான் கவுன்சிலின் போக்குவரத்துப் பகுதியில் வேலை செய்தவன். சந்திகளில் வாகனங்களை எண்ணி அட்டவணை போடுவதுதான் என் தொழில். இதையும் எண்ணத் தொடங்கினேன். வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். வலது மூலையில், திகதிக்குக் கீழே, மிச்சமிருக்கும் நாள்களை எழுதுவேன். எழுநூற்றுப் பதினாறு. எழுநூற்று ஒன்பது. அக்கா எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவார், அந்த எண்ணைத் தவிர.

சிரம்பானில் அக்காவின் நிலைமை இன்னும் வேடிக்கை. மலேசியாவில் ஒரு தடவைக்கு ஒரு மாதம்தான் அவர் தங்கலாம். எனவே ஒவ்வொரு மாதமும் பஸ் ஏறி ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், பழைய தோழி வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் புதிய அனுமதியோடு திரும்புவார். அந்த இரண்டு நாளும் அம்மாவைப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மையார் பார்த்துக்கொள்வார். இப்படி இருபத்துமூன்று தடவை. எல்லையில் இருந்த அதிகாரி ஒருவருக்கு அக்காவின் முகம் பழகிவிட்டது.

"யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?"

"என் அம்மாவை."

"போன மாதமும் அம்மாவைத்தானே பார்த்தீர்கள்?"

"போன மாதம் பார்த்த அம்மாதான். வேறை அம்மா இல்லை."

இதை எழுதிய கடிதத்தில், அந்த அதிகாரி சிரித்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். பிரசையாக இருக்கும் நாட்டில் அவருக்கு வீடு இல்லை. தாய் இருக்கும் நாட்டில் அவர் விருந்தாளி. வீடும் மகளும் இருக்கும் நாட்டில் அவருடைய நாள்கள் குறைந்துகொண்டிருந்தன. இதை நான் எத்தனையோ தடவை தாளில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அக்கா எந்த இடத்திலும் சட்டத்தை மீறவில்லை. அவர் செய்ததெல்லாம் அப்பாவுக்கு மாற்றம் வந்த நேரத்தில் பிறந்தது ஒன்றுதான்.

மிச்சம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலை வைத்திருக்கிறேன். அதில் ஒரு பகுதி:

"உன்ரை கடிதம் வந்தால் அம்மா கையிலை வாங்கிப் பாக்கிறவ. மூலையிலை என்ன இலக்கம் எண்டு கேட்டா. கடிதத்தின்ரை தொடர் இலக்கம் எண்டு சொன்னன். அப்ப ஏன் குறைஞ்சுகொண்டு போகுது எண்டு கேட்டா."

வேறு ஒன்றும் அதைப் பற்றி அக்கா எழுதவில்லை. நான் அந்தக் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அம்மா உயிரோடு இருக்கும்வரை அக்கா திரும்பப் போவதில்லை. அந்த எண் பூச்சியம் ஆகுமுன் அக்கா திரும்ப வேண்டும் என்று நான் விரும்பினேன். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நான் எதை விரும்பிக்கொண்டிருந்தேன்? அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். அதன் பிறகு கடிதங்களில் எண் எழுதவில்லை. டயரியில் எழுதினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இருபத்துமூன்றாம் தடவை போய் அக்கா புதிய ஒரு மாத அனுமதியோடு திரும்பிய அன்று, எழுநூற்றேழாம் நாள், அம்மா காலமானார். மிச்சம் இருபத்துமூன்று நாள். நான் போய்க் கொள்ளி வைத்தேன். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் குசினி அடுப்படியில் அக்காவிடம் ஒரு விமானப் பயணச்சீட்டைக் கொடுத்தேன். இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியை, அக்கா லண்டனை விட்டதிலிருந்து எழுநூற்று முப்பத்தேழாம் நாளில் வந்தது. எல்லையைத் தாண்டி ஏழு நாள்.

"இதிலை போனால் ஒரு நாள் மிச்சத்தோடை இறங்கலாம் அக்கா. கிரியை செய்யிறது நான்தானே. நான் நிண்டு முடிச்சுப்போட்டு வாறன்."

"நான் நிக்கேல்லையோ?"

"நிண்டால் உள்ளை விடாங்கள். விளங்குதோ? வீடு அங்கை. பிள்ளை அங்கை. பென்சன் அங்கை. பிறகு எங்கை போவியள்? சிங்கப்பூரிலை ஆரின்ரை வீட்டிலை இருப்பியள்?"

"கத்தாதை. அம்மாவின்ரை விளக்கு எரியுது."

"ஐயரிட்டைக் கேட்டனான். வெளிநாட்டுக்குப் போறவைக்கு முன்னுக்கே செய்து தருவாராம்."

அக்கா பயணச்சீட்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"ரெண்டு வருசம் மாதத்துக்கு ஒருக்கா எழும்பிப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அவவைப் பாத்தனான். இந்த முப்பத்தொரு நாளும் ஒருதரிட்டையும் கேக்காமல் நிக்கிறன். நீ வேணுமெண்டால் போ."

நான் போகவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. அக்காவுக்கு அந்த வாரம் இரண்டு நாள் தடிமனும் தும்மலும் இருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் போய், அதைப் பன்னிரண்டு நாள் கடும் காய்ச்சலாக்கி, பயணம் செய்ய இயலாத நிலை என்று ஒரு கடிதம் வாங்கினேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். அக்காவுக்கு அது பிடிக்கும். கடித உறையை ஒட்டி, "அதிகாரி கேட்டால் இதைக் குடுங்கோ" என்று அக்காவின் கைப்பையில் வைத்தேன்.

அந்தியேட்டி முடிந்து, எழுநூற்று முப்பத்தொன்பதாம் நாள் காலை இருவரும் ஹீத்ரோவில் இறங்கினோம். ஒன்பது நாள் பிந்தியிருந்தோம். என் வரிசை வேறு, அக்காவின் வரிசை வேறு. நான் பதினொரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அக்காவின் மகள், என் மருமகள், காரோடு வந்திருந்தாள்.

"மாமா, அம்மா எங்க?"

"உள்ளை."

"நீங்கள் மட்டும் வந்திட்டீங்களா? சீரியஸ்லி மாமா?"

இரண்டு மணி நாற்பது நிமிடம் நின்றோம். அந்த வாசலால் வெளியே வந்தவர்களை எண்ணினேன். ஐந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அப்போதுதான் அக்கா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகளைக் கட்டிப்பிடித்தார். பிறகு கைப்பையைத் திறந்து, பிரிக்காத உறையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, உன்ரை காய்ச்சல்."

காரில் கேட்டேன். ஓர் இளம் பெண்தான் அதிகாரியாம். ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டாளாம். அக்கா சொன்னார்:

"அம்மாவின்ரை முப்பத்தொண்டு முடியட்டும் எண்டு நிண்டனான் எண்டன். கடைசித் திகதி தெரியாதோ எண்டாள். நல்லாத் தெரியும், கிழமைக்கு ஒருக்கா எண்ணி அனுப்ப என்ரை தம்பி இருக்கிறார் எண்டன். எழும்பிப் போய் ஆரோடையோ கதைச்சுப்போட்டு வந்தாள். செத்த நாளையும் சேத்தோ முப்பத்தொண்டு எண்டு கேட்டாள். ஓம், சேத்துத்தான் எண்டன். கலண்டரிலை விரலை வைச்சு எண்ணினாள். பிறகு குத்தினாள்."

"எதைக் குத்தினவள்? ஆறு மாதமோ?"

"பழையதுதான். காலவரையில்லாதது."

நான் நம்பவில்லை. சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். பழையதுதான். வெம்பிளி நூலகத்தில் விதிகளை எடுத்து வாசித்தேன். இந்த நாட்டோடு உறுதியான தொடர்பு இருந்தால் பிந்தி வருபவரையும் விடலாம் என்று இருந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர், பன்னிரண்டு வருடம் இங்கே வாழ்ந்தவர், நான்கு நாள் பிந்தியதற்கு ஆறு மாத முத்திரையோடு அலைந்தார். அக்காவுக்கு ஏன் கிடைத்தது? உண்மையைச் சொன்னதாலா? அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் அண்மையில் இறந்திருந்தாரா? அல்லது அன்றைய காலை நல்ல காலையா? ஆறு வருடமாக யோசிக்கிறேன்.

அந்த ஆறு வருடமும் அக்கா எங்களோடு இருந்தார். யுத்தத்தால் வந்த எங்கள் சனத்தை டொக்டரிடமும் வைத்தியசாலைக்கும் கூட்டிக்கொண்டு போவார், மொழிபெயர்ப்பார். வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே முருகன் கோவிலில், பூசை முடிய, வயதானவர்களின் இரத்த அழுத்தம் பார்ப்பார். ஒருமுறை ஓர் இளைஞர், "அன்ரி, உங்களுக்கு என்ன விசா?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"எனக்கோ? தந்தவையள், இருக்கிறன். நீர் கையை நீட்டும்."

கடைசி நான்கு மாதம் வைத்தியசாலையில் கழிந்தது. இறப்பதற்கு முந்திய வாரம் என்னிடம், "எத்தினை நாளெண்டு டொக்டர் சொன்னவர்?" என்று கேட்டார்.

"நான் எண்ணேல்லை அக்கா."

"பொய் சொல்லாதை," என்று சிரித்தார். நான் எண்ணியிருந்தேன். சொல்லவில்லை.

மரணத்தைப் பதியப் போனபோது நான்கு கடவுச்சீட்டுகள், பிரசாவுரிமைப் பத்திரம், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போனேன். எதையாவது கேட்பார்கள், ஏதாவது குறையும் என்று பயம். பதிவாளர் அக்காவின் பெயர், பிறந்த இடம், தொழில், அத்தானின் பெயர், வழமையான முகவரி ஆகியவற்றைக் கேட்டார். வெம்பிளி முகவரியைச் சொன்னேன். எழுதினார்.

"எந்த நாட்டுப் பிரசை என்று எழுத வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அதற்கு இடம் இல்லை, ஐயா," என்றார்.

பை திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது.

அக்காவைக் கடைசிவரை தங்கள் தாயைப் போல் பார்த்த வைத்தியசாலைத் தாதியருக்கும், செவன் கிங்ஸிலிருந்து ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்த மருமகளின் மாமியார் வீட்டாருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், இருபத்துமூன்று தடவையும் எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிரம்பான் அம்மையாருக்கும், துயரில் பங்குகொண்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும், பெயர் தெரியாது. ஹீத்ரோவில் அந்த மேசையில் இருந்த பெண்ணுக்கு இப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். இதை வாசிக்கும் யாராவது அவரை அறிந்திருந்தால், கலண்டரில் எண்ணிக்கொண்டு வந்தபோது எந்த நாளில் மனம் மாறினார் என்று எனக்காகக் கேளுங்கள். அக்கா அதைக் கேட்காமல் வந்துவிட்டார்.