நடந்தே இறங்கிய கொல்லிமலை

பிரேக் ரப்பர் கருகும் வாசனை... கொல்லிமலை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். மிளகு, பலாப்பழம் எல்லாம் அப்புறம்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். எனக்கு அப்போது பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நண்பர்கள் ஐந்து பேர் பழைய கியர் சைக்கிள்களில் பச்சைமலை, கொல்லிமலை என்று நான்கு நாள் சுற்றிவரத் திட்டம் போட்டோம்.

எங்களுக்கு மேடு என்றால் அரியலூர் ரயில்வே மேம்பாலம்தான். இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அதில் ஏறி ஏறிப் பழகினோம். இறங்குவதற்கு யாராவது பழகுவார்களா? மிதிக்காமலே போகுமே என்று இருந்துவிட்டோம். அவ்வளவு அறிவு.

கொல்லிமலை ஏறிய அன்று ஒன்றும் ஆகவில்லை. மூச்சு வாங்கியது, அங்கங்கே இறங்கித் தள்ளினோம், சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம். மறுநாள் காலை இறக்கம்தான் எங்களை வச்சு செய்தது.

மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பயத்தில் பிரேக்கைப் பிடித்த பிடியை யாரும் விடவே இல்லை. பத்து வளைவு தாண்டியதும், எனக்கு முன்னால் போன ஜமாலின் டயர் படாரென்று வெடித்தது. ரிம் சூடேறி டியூப் போயிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. ஆள் ரோட்டோர வாய்க்காலில் கிடந்தான்.

ஜமால் லெப்பைக்குடிக்காட்டுக்காரன். அடுத்த வாரம் அவனுக்கு துபாய் ஃப்ளைட். விசா வந்து, மெடிக்கல் டெஸ்ட் முடிந்து, வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். "போறதுக்கு முன்னாடி ஒரு ட்ரிப் வாடா" என்று நச்சரித்துக் கூட்டிவந்தது நான். கை உடைந்திருந்தால் அந்த வேலை போச்சு. அவன் அத்தா முகத்தில் எப்படி முழிப்பேன்?

"வெரல மடக்குடா பாப்போம்."

"மடக்குறேன்ல... தோலுதான் வழண்டுருக்கு. விடு."

எனக்கு உயிர் வந்தது. காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன், டியூபை மாற்றினோம். ஆனால் மறுபடி ஏறி உட்கார எங்களுக்குத் தைரியம் இல்லை. கீழே வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடப்பதென்று முடிவு. ஜமால் மட்டும் முனகினான்.

"சைக்கிள் டூர்னு கூட்டிட்டு வந்து நடக்க வுடுறீங்களேடா..."

இன்னும் ஏறக்குறைய அறுபது வளைவு. வெயில் ஏற ஏற முழங்கால் விட்டுப்போனது. பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. மற்ற மூவரும் முன்னால் போய்விட, நானும் ஜமாலும் பின்தங்கினோம். சைக்கிள் மிதிக்கும்போது பேச மூச்சு ஏது? நடந்ததால் பேச்சு வந்தது.

ஒரு வளைவில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு அவன் சொன்னான்.

"வுழுந்து கெடந்தப்ப, கை ஒடஞ்சிருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சுடா. இங்கயே இருந்துக்கலாம்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா...

"லூசு மாதிரி பேசாத. ரெண்டு வருஷம்தான. ஓடிப்போயிரும்."

அவன் பாட்டிலை மூடிவிட்டு சைக்கிளை உருட்டத் தொடங்கினான். போகப் பிடிக்கவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடிவாரத்து டீக்கடையில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். குறித்த நாளில் ஃப்ளைட் ஏறினான்.

இன்னும் அங்கேதான் இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். கல்யாணம், விருந்து, வீட்டு வேலை என்று நாள் பறந்துவிடும்.

எங்களிடம் இப்போது டிஸ்க் பிரேக் சைக்கிள் இருக்கிறது, ஹெல்மெட் இருக்கிறது, போன தூரத்தைச் சொல்ல வாட்ச் இருக்கிறது. போன மாதம் அதே மலைக்குப் போனோம். இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

போட்டோக்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். துபாயிலிருந்து ஜமால் கேட்டான்.

"எறங்குறப்ப நடந்தீங்களாடா?"

இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"ஆமாடா, நடந்துதான் வந்தோம்" என்று பதில் போட்டேன்.