வால்வு போட்ட சக்களத்தி

ஐப்பசி மழை. இடி வெட்டிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எட்சன், ரோட்டிலிருந்து நனைந்தபடி ஓடி வந்தார். எனக்காகத்தான் என்று மனசு குளிர்ந்து போயிற்று. இறங்கி வந்து பார்த்தால், கிட்டார் ஒலிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிற்கிறார்.

"நல்லவேள, தப்பிச்சுது" என்றார். நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிற்பது கண்ணில் படவேயில்லை.

எட்சனுக்குப் பேச்சிப்பாறை போகும் வழியில் ரப்பர் ஷீட் கடை. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிப்பார். அதற்காக வந்ததுதான் இந்தப் பெட்டி, பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர். பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும், செருக்கு கொஞ்சமா! சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது, சூடாக வேண்டும். அதுவரை பக்கத்திலேயே பொறுமையாக உட்கார்ந்திருப்பார். நான் சோறு போடக் கொஞ்சம் தாமதமானால் மட்டும் தட்டு தாளம் போடும்.

சும்மா இருக்கும்போதும் அது வண்டு மாதிரி இரையும். ஒருநாள் வீட்டு ஜெபக்கூட்டத்தின் நடுவே மலையாள வானொலிச் செய்தி வாசித்தது. "அதுக்கு காது கூர்மையாக்கும்" என்று பெருமைப்பட்டார். நான் பக்கத்து வீட்டுப் பேச்சைக் காதில் வாங்கினால் அது புறணி.

அழுத்தி மீட்டினால் தொண்டை அடைத்துப் பாடுவதுபோல் ஒரு குரல் வரும். நல்ல குரல்தான். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

போன மாதம் ஒரு வால்வு போயிற்று. எனக்குப் பண்டிகை! எட்சன் கடையடைத்ததும் அடுக்களைக்கு வந்து தேங்காய் துருவினார். "ஷைஜா, தலவலி மாறிச்சா?" என்று கேட்டார். மீன் குழம்பை வாயாரப் புகழ்ந்தார். இந்த மனிதர் இத்தனை நாள் எங்கே போயிருந்தார் என்றிருந்தது. புது வால்வுக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். வராமலே போகட்டும் என்று நான் முழங்காலில் நிற்காத குறை.

வந்துவிட்டது. கூரியர்காரர் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். சின்ன அட்டைப்பெட்டி, கையில் கனமே இல்லை. உள்ளே கண்ணாடி. கை தவறி விழுந்தது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? என் சாயங்காலங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன.

"ஏட்டி, யாரு வந்தது?" குளியலறையிலிருந்து குரல்.

"ஒங்க ஆளுதான். வாங்கி வச்சிருக்கேன்."

காதில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு ஓடி வந்தார். நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைப் பெண்பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இல்லை.