விஸ்கியில் நனைந்த பட்டு நூல்

2007-ஆம் ஆண்டு. ஆரணியில் எங்கள் சாயப்பட்டறையை என் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் கணவரும் ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு மாதம் போயிருந்தோம். மகள் டியூட்டிக்குப் போன ஒரு நாளில் மருமகன் லீவு போட்டு, "மாமா, அத்தை, ஜல்தி கெளம்புங்க. இன்னிக்கு உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று எங்களை அழைத்துப் போனார். வேனில் ஏறி, கைடு பேச ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. விஸ்கி காய்ச்சும் இடங்களைச் சுற்றிக் காட்டும் டூராம்!

நான் சட்டென்று கணவர் முகத்தைப் பார்த்தேன். என் கணவர் ஒரு காலத்தில் மொடாக் குடிகாரர். விட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் பேசும்போது சம்பந்தி வீட்டில் நாங்கள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது மருமகனிடம் எந்த வாயால் சொல்வது? பாவம், மாமனார் சந்தோஷப்படுவார் என்று ஆசையாக ஏற்பாடு செய்திருந்தார்.

அந்த ஊர் ஆண்கள் வழக்கப்படி குட்டைப் பாவாடை மாதிரி கட்டியிருந்த கைடு, ஊறவைத்த பார்லி, பெரிய பெரிய செப்பு அண்டாக்கள், மரப் பீப்பாய்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கணவரோ பட்டறை ஞாபகத்தில், "தண்ணி உப்பா, நல்ல தண்ணியா, கேளுங்க மாப்ள" என்று துளைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கண்ணெல்லாம் அவர் மேல்தான்.

முதல் இடத்தில் ருசி பார்க்கக் கோப்பையை நீட்டியபோது, "வயிறு சரியில்லீங்க" என்று தப்பித்துவிட்டார். இரண்டாவது இடத்தில் எல்லோர் முன்னாலும் ஊற்றியே வைத்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த வெள்ளைக்கார அம்மாள் என்னிடம் ஏதோ கேட்டார். புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுத் திரும்பினால், கணவர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார்!

"ஐயோ, மறுபடியுமா? பதினோரு வருசம் கழிச்சி இங்க வந்தா ஆரம்பிக்கிற?" என்று கத்திக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட்டேன். பதற்றத்தில் மரியாதைகூடப் போய்விட்டது.

கோப்பை உருண்டு மேஜையெல்லாம் விஸ்கி. அவர் விரலில் வெள்ளைப் பட்டு நூல் ஒன்று பாதி நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எந்த நிறத்தைப் பார்த்தாலும் நூலில் ஏறுமா என்று பார்ப்பது சாயக்காரர் புத்தி. அதற்காகவே சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் நூல் வைத்திருப்பார். அதைத்தான் மனிதர் கோப்பையில் முக்கியிருக்கிறார். ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ரகசியத்தை நானே போட்டு உடைத்துவிட்டேன். மருமகன் திகைத்துப்போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தபடியே சொன்னார்: "ஆமாங்க மாப்ள, நான் பெரிய குடிகாரனா இருந்தவன். பொண்ணு குடுக்கும்போதே சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதாங்க."

மருமகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை கேக்காம கூட்டிகினு வந்தேனே மாமா, என்னைத்தான் ஒதைக்கணும்" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது வேனில், என் குற்ற உணர்ச்சியை மறைக்க, "சாயம் பாக்க வேற எடமே கெடைக்கலியாங்க உங்களுக்கு?" என்று கணவரைச் சீண்டினேன்.

"சாயமாவது இன்னாவது! வாசனை வந்ததும் கை தானா கோப்பைக்குப் போச்சிடி. கைக்கு வேற வேலை குடுக்கணுமேன்னு நூலை எடுத்தேன்" என்றார் மெதுவாக. எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

நான் காவல் காத்ததால்தான் அவர் திருந்தினார் என்று அத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல் ஒவ்வொரு நாளும் தனியாகப் போராடி ஜெயித்துக்கொண்டிருந்தவர் அவர் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் அந்த மனிதர் மேல் எனக்குப் புதிதாக ஆசை வருகிறது.