கீழ்க்கரைத் தண்ணீர்

இருளாயி என்ற பெயரை ரெங்கம்மாள் முதலில் கேட்டது ஊருணிப் படியில், உலக யுத்தம் நடந்த நாட்களில் ஒருநாள், குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது. அவளுடைய கடைசிக் கொழுந்தன் முத்துக்கருப்பனுக்கு யாரும் பெண் கொடுக்காத காலம் அது. வயிறு வீங்கிச் சாகிற குடும்பம் என்று அழகர்கோவில் வரைக்கும் பேர் போயிருந்தது.

"இருளாயின்னு ஒருத்தி சம்மதிச்சிருக்காளாம்டி. கண்ணு தெரியாதவளோ என்னமோ!" என்று சிரித்தாள் பக்கத்துத் துறைக்காரி.

கண் நன்றாகவே தெரிந்தது.

அந்த ஊரில் வகையறாவுக்கு ஒரு படித்துறை. ரெங்கம்மாளின் மாமனார் காளை வகையறாவுக்குக் கீழ்க்கரை. கோடையில் தண்ணீர் சுண்டியதும் பச்சை மாவைக் கரைத்துவிட்டதுபோல் பாசி மிதக்கும். மேல்காற்று அம்புட்டையும் கீழ்க்கரையில் கொண்டுவந்து ஒதுக்கும். முந்தானையில் வடிகட்டிக் குடிப்பார்கள்.

ரெங்கம்மாளின் புருஷன் சோணைக்கும் கண் மஞ்சளாகி, வயிறு பானையாகிவிட்டது. சூட்டுக் காமாலை என்றார்கள். பச்சை என்றால் குளிர்ச்சி என்று நம்பி, பாசி அடர்ந்த இடமாகப் பார்த்து மொண்டு வந்து அவனுக்குச் செம்பு செம்பாகக் கொடுத்தாள். நடுக் கொழுந்தனுக்கும் அப்படித்தான் கொடுத்தாள், அவன் பிழைக்கவில்லை.

கல்யாணமாகி வந்த மாதமே இருளாயி செம்பைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இதக் குடுக்காதீக."

"ஏண்டி, காமாலைக்குக் குளுமை வேணாமா?"

"மேல்கரையில மொள்ளுறவுகள்ல எவனுக்காச்சும் வகுறு வீங்கியிருக்கா? எங்க ஆடுகூட இந்தப் பச்சையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிரும்."

"அப்ப நாங்க ஆட்டுக்கும் கீழயா?"

"ஆடு பொழச்சுக் கெடக்குல்ல!"

மறுநாள் விடிந்ததும் ஓடைக்குப் போய், மணலைத் தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தோடு வந்தாள். காளை வாசலை மறித்தார். "எங்க துறைத் தண்ணியத் தொடாதவ எங்க மருமக இல்ல. ஒங்கப்பன் வீட்டுக்குப் போ."

"போறேன் மாமா. பெரிய மச்சான் எந்திரிச்சு நடக்கட்டும், போறேன்."

குடத்தைக் காலால் தள்ளிவிட்டார். அவள் அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஓடைக்கு நடந்தாள். அடுத்த நாளும் தள்ளினார். அடுத்த நாளும் நடந்தாள். ஊரே சிரித்தது, முத்துக்கருப்பன் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான்.

ஒருநாள் காளை வயலுக்குப் போயிருந்த நேரம் சோணை தண்ணீர் கேட்டான். ரெங்கம்மாள் கையில் பச்சைத் தண்ணீர்ச் செம்பு. அடுப்படியில், அவர் இல்லாத நேரம் பார்த்து இருளாயி கொண்டுவந்து வைத்த ஓடைத் தண்ணீர்க் குடம். நடுக் கொழுந்தனுக்குத் தான் கொடுத்த கடைசிச் செம்பு அவள் நினைவுக்கு வந்தது. கையிலிருந்ததை வாசலில் கொட்டிவிட்டு, ஓடைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். மறுநாள் ஓடைக்கு இரண்டு குடம் போயிற்று. இருவரையும் தடுக்கக் காளையால் ஆகவில்லை.

தை பிறந்தபோது சோணையின் கண் வெளுத்திருந்தது. வயிறு முழுக்க வற்றவில்லை, ஏர் பிடிக்கவும் முடியவில்லை. ஆனாலும் எழுந்து நடந்தான். யுத்தம் முடிந்து மகள் கல்யாணத்தையும் பார்த்தான். காளை பிடிவாதமாகக் கீழ்க்கரைத் தண்ணீரையே குடித்தார். வயிறு வீங்கித்தான் போனார்.

சோணை நடந்த பிறகு, இருளாயியை அப்பன் வீட்டுக்குப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இப்போது அவள் ஓடைக்கரையில், தானும் முத்துக்கருப்பனும் வெட்டிய கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள்.